பூச்சி அறைக்காரர்களின் ரத்தம்

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஆராய்ச்சிக்கூடத்தில் தேச்சம்மா மேடம் எங்கள் மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார். முதலில் ஜவரய்யா, அடுத்து நான், கடைசியாகக் கெம்பம்மா. கெம்பம்மா ஊசியைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

"இன்னும் குத்தவே இல்லம்மா," என்றார் மேடம்.

"குத்துனப்புறம் அழுதா லேட்டாயிடும் மேடம்," என்றார் ஜவரய்யா. "அவ முன்பணமா அழறா."

வழக்கமாக எங்களிடம் யாரும் ரத்தம் கேட்பதில்லை. ஆராய்ச்சி மாணவர்களிடம்தான் எடுப்பார்கள். தசரா லீவுக்கு அவர்கள் அத்தனை பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மைசூரில் யானை பார்க்க வெளியூர்க்காரன் எல்லாம் வருவான், மைசூரில் படிக்கிறவன் வெளியூர் போய்விடுவான். மிச்சம் இருந்தது புழு வளர்க்கிற நாங்கள்தான். புழுவுக்கு லீவு கிடையாது, ஒரு வேளை இலை தவறினாலும் படுத்துவிடும்.

மேடம் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சர்க்கரை இருக்கா? இல்லை. ரத்தக்கொதிப்பு? இல்லை. ஏதாவது மாத்திரை? பீடி? ஜவரய்யா மட்டும் "ஒரு காலத்துல" என்றார்.

"வேற ஏதாவது நோய்?"

ஜவரய்யா தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல மேடம், கல்லு மாதிரி இருக்கேன்," என்றார். நானும் இல்லை என்றேன். கெம்பம்மாவும் தலையை ஆட்டினாள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நன்றாகத் தின்று கொழுத்த பட்டுப்புழுவை எடுத்து, கொன்ற பாக்டீரியா கலந்த நீரை மெல்லிய ஊசியால் அதன் உடம்பில் ஏற்றுவோம். புழு தனக்கு நோய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். உடனே உடம்பெல்லாம் ஒரு மருந்தைச் சுரக்கும். குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகள், பெப்டைடு என்பார்கள். பாக்டீரியாவின் மேல்தோலைப் பொத்தலாக்கிக் கொன்றுபோடும். மறுநாள் புழுவின் காலைக் கத்தரியால் நறுக்கினால் மஞ்சள் நீர் சொட்டும். அதை ஐஸில் வைத்த குழாயில் பிடித்து, சூடாக்கி, வடித்து, இன்னும் என்னென்னவோ செய்து, கடைசியில் நகக்கண்ணில் அடங்குகிற அளவு வெள்ளைப் பொடி எடுப்பார்கள். ஆயிரம் புழுவுக்கு அவ்வளவுதான்.

சர்க்கரை நோயாளிகளின் காலில் ஆறாத புண்ணுக்கு அது உதவும் என்று மேடம் நம்பினார். எந்த மாத்திரைக்கும் அடங்காத கிருமிகளை அந்தப் பொடி தட்டில் வைத்துக் கொன்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் திருடனை அடிக்க வந்தவன் வீட்டுக்காரனையும் சேர்த்து அடித்தால்? மனிதனின் வெள்ளையணுக்கள் அந்தப் பொடியைக் கண்டு சும்மா இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாட்டிலில் வளர்கிற அணுக்களில் பார்த்தாயிற்று, சும்மா இருந்தன. உயிருள்ள ஆளின் ரத்தத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிற குழு வருகிறது. நல்ல முடிவு வந்திருந்தால் இன்னும் மூன்று வருடம். இல்லையென்றால் மாதக் கடைசியில் திட்டத்தை மூடிவிடுவார்கள், புழுவறையையும் சேர்த்து.

மூடினால் மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு ராமநகரத்துத் தொட்டிதான். பன்னிரண்டு வயதிலிருந்து முப்பது வரை அங்கே கூடு வேகவைக்கிற தொட்டியில் நூல் முனை தேடினேன். கொதிக்கிற தண்ணீரில் வெறும் விரல். மூன்றாவது மாதம் விரல் நுனி வெளுத்து உரியும், ஆறாவது மாதம் நகம் விழும். சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைய முடியாது. என் மகளுக்கு மூன்று வயது வரை என் கையால் தலை வாரியதில்லை, சிக்கெடுக்க விரலில் தெம்பு இருக்காது. இந்த வேலைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. இங்கே புழுவை யாரும் வேகவைப்பதில்லை. என்னையும்தான்.

ஆயுத பூஜை அன்று எந்த மெஷினையும் தொடவிடவில்லை. எங்கள் தலைவர் ஹாலப்பா சார் பெரிய படிப்பு படித்தவர், வெளிநாட்டில் இருந்தவர். ஆனால் ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற மெஷினுக்குச் சந்தனம் வைத்து, சாமந்திச் சரம் போட்டு, பூசணிக்காயை வாசலில் உடைத்ததும் அவரேதான். மேடம் முந்தைய நாளே வெள்ளையணுக்களைப் பிரித்துக் குழித்தட்டில் ஊற்றிப் பொடியைக் கலந்து வைத்துவிட்டார். மறுநாள் மேலே நின்ற நீரை மட்டும் எடுத்து உறையவைத்தார். அளவு பார்க்கிற மெஷினில் மாலை தொங்கியது.

"ஒரே ஒரு தட்டு சார், பதினஞ்சு நிமிஷம்," என்று கெஞ்சினார்.

"அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும்மா. வருஷம் முழுக்க ஓட்டறீங்க இல்ல?"

"குடகுல நாங்க துப்பாக்கிக்குப் பூ வச்சு அன்னிக்கே சுட்டும் பாத்துடுவோம் சார்."

"இது மைசூரு. நாளைக்குப் பாருங்க."

விஜயதசமி அன்று மதியம் பார்த்தார். நான் அப்போது அந்த அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். வெள்ளையணு ஆபத்து என்று நினைத்தால் கூப்பாடு போடும், உடம்பில் வீக்கத்தைக் கிளப்பும். அந்தக் கூப்பாட்டுக்கும் ஒரு ரசாயனம் உண்டு. அது இருந்தால் குழி மஞ்சளாகும். எவ்வளவு அடர்ந்த மஞ்சளோ அவ்வளவு கூப்பாடு. படிக்காதவளுக்கும் தெரியும்.

குழிகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

மேடம் நாற்காலியில் உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் துடைத்த ஈரம் காயவில்லை. ஹாலப்பா சார் வந்து தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாக்டீரியா விஷம் ஏதும் பொடில தங்கியிருக்கா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன் சார். சுத்தம்."

"அணு செத்திருக்கா?"

"சாகல. ஆனா கத்துது. மூணு பேரோடதும் கத்துது."

"ஒருத்தருக்கு மட்டும்னா விட்டுடலாம். மூணு பேருக்கும்னா என்ன பண்றது?" தட்டைக் கீழே வைத்தார். "இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதிடுங்க. நான் மறைச்சு எழுதச் சொல்ல மாட்டேன்."

"எனக்கும் அப்படி எழுதத் தெரியாது சார்," என்றார் மேடம். ஆறு வருடமாக அவர் இந்தப் பொடி வேலையைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை.

அவர்கள் அறைக்கு வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஈரத் துணியோடு தட்டின் அருகில் நின்றேன். மூன்று வரிசை. பெயர் எழுத மாட்டார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்தான். ஆனால் யார் முதலில் ரத்தம் கொடுத்தது, யார் கடைசி என்று எனக்குத் தெரியாதா? முதல் வரிசை கரும் மஞ்சள். இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது எலுமிச்சைத் தோல் நிறத்தில், பட்டும் படாமலும்.

ஜவரய்யா பூச்சி அறைக்கு வந்து பத்தொன்பது வருடம். நான் எட்டு. கெம்பம்மா போன வருடம் சங்கராந்திக்கு வந்தவள்.



பூச்சி அறை என்பது தனி. எல்லாப் புழுவையும் ஊசிக்கு அனுப்ப மாட்டோம், ஒரு பங்கை விதைக்கு விடுவோம். அவை கூடு கட்டி, உடைத்து, அந்துப்பூச்சியாக வெளியே வரும். பறக்கத் தெரியாத வெள்ளைப் பூச்சி, இறக்கையை மட்டும் படபடவென்று அடிக்கும். ஆயிரம் பூச்சி சேர்ந்து அடித்தால் அறை முழுக்க மாவு பறக்கும். இணை சேர்ந்தவற்றைக் கையால் பிரித்து, பெண் பூச்சியை முட்டைத் தாளில் வைத்து மூட வேண்டும். இமையில், தலைமுடியில், சோற்றுத் தூக்கின் மூடியில், எங்கும் அந்த மாவுதான். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். இன்னும் போனால் நெஞ்சு கட்டிக்கொள்ளும், படியேறினால் சீட்டியடிக்கும். பூச்சிச் சளி என்போம். பூச்சி அறையில் வேலை செய்கிற யாருக்கும் இல்லாமல் இருக்காது. வெயிலில் வேலை செய்கிறவன் கறுப்பதை யாராவது நோய் என்பானா? அப்படித்தான் இதுவும் எங்களுக்கு.

ஜவரய்யா பூச்சி அறையில் தாள் மாற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். "அண்ணா, அந்தப் பொடி தப்பு பண்ணல. நம்ம ரத்தம்தான் பண்ணுது."

"என் ரத்தம் என்னடி பண்ணுச்சு?"

"பூச்சின்னா நம்ம உடம்பு ஏற்கெனவே வெறுத்துப்போய்க் கெடக்குது. அந்தப் பொடில பூச்சியோட வாடை கொஞ்சம் இருந்தாக்கூட நம்ம ரத்தம் கத்தும். அதான் உங்களுக்கு அதிகம், எனக்குக் கொஞ்சம், கெம்பிக்குத் தொட்டுக்க."

அவர் கையில் இருந்த பூச்சியைத் தாளில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. பத்தொன்பது வருட மூக்கு.

"வாயை மூடிக்கிட்டுப் போ," என்றார்.

"மூடுனா மாசக் கடைசில எல்லாத்தையும் மூடிடுவாங்க."

"மூடட்டும். எல்லாரும் சேந்து போவோம், அதுல ஒரு மரியாதை இருக்குது. நீ போய்ச் சொன்னா நம்ம மூணு பேரு மட்டும் போவோம். சென்னாஜம்மாவை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஹாலப்பா சார் வருவதற்கு முன்பு இங்கே வேறு ஒரு அதிகாரி இருந்தார். எங்களோடு பூச்சி அறையில் இருந்த சென்னாஜம்மா, மூச்சு இழுக்கிறது என்று அவரிடம் போய்ச் சொன்னாள். ரொம்ப அன்பாக, வீட்டில் ஓய்வெடுத்துக்கொள்ளம்மா என்றார். அடுத்த மாதம் வருகைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அன்றிலிருந்து நாங்கள் யாரும் அதிகாரி முன்னால் இருமுவதுகூட இல்லை.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்ணா. எனக்கு இருபது வருஷம் இருக்குது."

"அதான் சொல்றேன், வாயை மூடு."

அறையை விட்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். சொன்னால் நான் போவேன். சொல்லாவிட்டால் எல்லாரும் போவோம், நானும் போவேன். இரண்டு பக்கமும் தொட்டிதான் என்றால் அந்த மேடத்தின் ஆறு வருடமாவது மிஞ்சட்டுமே என்று தோன்றியது. பெருந்தன்மை எல்லாம் இல்லை. வேறு கணக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மேடம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். திரையில் இரண்டு வரி மட்டும் அடித்திருந்தது.

"மேடம், ஒரு விஷயம். திட்டக் கூடாது."

"சொல்லுங்க தாயக்கா."

சொன்னேன். வரிசை, வருடம், மூக்கு, நெஞ்சு, சீட்டி எல்லாம். சொல்லச் சொல்ல அவர் நாற்காலியைத் திருப்பி என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"இதை ஏன் அன்னிக்குச் சொல்லல? நோய் இருக்கான்னு கேட்டேனே!"

"நீங்க நோய் இருக்கான்னுதானே கேட்டீங்க? இது நோய் இல்ல மேடம், பூச்சிச் சளி."

"தாயக்கா!"

"எல்லாருக்கும் இருக்கிறதை எப்படி நோய்னு சொல்றது?"

அவர் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "புழு வளக்கறவங்க ரத்தத்துலயே புழு மருந்தைப் பாத்திருக்கேன். நான் ஒரு கழுதை. ஆறு வருஷம் படிச்ச கழுதை." எழுந்து ஹாலப்பா சார் அறைக்கு ஓடினார். செருப்பை மேசைக்கடியில் விட்டுவிட்டே ஓடினார்.

வெள்ளிக்கிழமை காலை பூச்சியின் வாடையே படாத ஆட்களைத் தேடினோம். கேன்டீனில் தோசை ஊற்றுகிற ஷெட்டி, வாசலில் தையல் மெஷின் போட்டிருக்கும் ரெஹமத், கூரியர் கொண்டுவந்த பையன் ஒருவன், எதிர்ப்பக்கம் மனைகளை அளக்க வந்திருந்த இரண்டு பேர், வங்கியில் வேலை பார்க்கும் ஹாலப்பா சாரின் மைத்துனர். ஆறு பேர். ஒவ்வொருவரிடமும் மேடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்.

"புழுவோட மருந்தை எனக்குள்ள ஏத்த மாட்டீங்களே?" என்று கேட்டார் ஷெட்டி.

"உங்களுக்குள்ள எதுவும் ஏத்தலை. உங்களுக்குள்ள இருக்கிறதைத்தான் எடுக்கறோம்."

"எடுங்க, எடுங்க. என் பொண்டாட்டி எடுத்தது போக ஏதாவது மிச்சமிருந்தா."

மேடம் இன்னொன்றும் செய்தார். அதே பெப்டைடைப் புழு இல்லாமல், ரசாயனத்தைக் கோத்து மட்டுமே செய்த பொடி ஒன்று ஃப்ரீசரில் கொஞ்சம் இருந்தது. விலை அதிகம் என்று தொடாமல் வைத்திருந்தார். பூச்சி அறைப் பக்கமே போகாத சரக்கு. அதை எங்கள் மூன்று பேர் ரத்தத்தில் போட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. மறுபடியும் கையை நீட்டினோம். ஜவரய்யா என்னோடு பேசவில்லை. கெம்பம்மா இந்தத் தடவை காலண்டரைப் பார்க்காமல் என்னை முறைத்தாள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எல்லாரும் அந்த அறையில் இருந்தோம். யாரும் கூப்பிடவில்லை, தானாகச் சேர்ந்துவிட்டோம். ஷெட்டிகூடக் கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். மேடம் கடைசி நீரை ஊற்றினார். மேலே ஆறு வரிசை, ஷெட்டி முதல் மைத்துனர் வரை, புழுப் பொடியோடு. கீழே எங்கள் வரிசைகள், புழுப் பொடியோடு ஒரு தடவை, புழு இல்லாத பொடியோடு ஒரு தடவை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

மேலே ஆறு வரிசையும் தண்ணீராகவே இருந்தன. கீழே புழுப் பொடி போட்ட எங்கள் குழிகள் மட்டும் மஞ்சளாயின, முன்போலவே அண்ணன், தங்கை, கடைக்குட்டி என்று வரிசையாக. பக்கத்தில் புழு இல்லாத பொடி போட்ட எங்கள் குழிகள் வெறும் தண்ணீர். ஜவரய்யாவின் பத்தொன்பது வருட ரத்தமும் தண்ணீர்.

"பெப்டைடு மேல ஒரு தப்பும் இல்ல," என்றார் மேடம். "பொடியில பூச்சியோட புரதம் ஏதோ துளி ஒட்டியிருக்கு. அதைக் கழுவிட்டாப் போதும்."

ஹாலப்பா சார் ஓரத்தில் இருந்த இன்னொரு தட்டைக் காட்டினார். அந்த ஆறு பேர் ரத்தத்தில் வேண்டுமென்றே பாக்டீரியா விஷத்தைப் போட்டுக் கத்தவிட்டு, பிறகு பெப்டைடு சேர்த்திருந்தார்கள். விஷம் மட்டும் போட்டவை கரும் மஞ்சள். பெப்டைடு சேர்ந்தவை பாதிகூட இல்லை. "அடிக்கிறது மட்டும் இல்லம்மா, சமாதானமும் பண்ணி வைக்குது," என்றார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

ஷெட்டி கரண்டியால் கதவு நிலையில் தட்டினார். மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு இன்னொன்று பாக்கியிருந்தது.

"சார்," என்றேன். "நாங்க மூணு பேரும் திங்கக்கெழம வரணுமா?"

ஜவரய்யா தரையைப் பார்த்தார்.

"ஏன், எங்க போறீங்க?" என்றார் சார்.

"சென்னாஜம்மான்னு ஒருத்தி இருந்தா சார். நெஞ்சு கட்டுதுன்னு சொன்னா. ஓய்வு குடுத்து அனுப்பிட்டாங்க."

அவருக்கு அந்தக் கதை தெரியாது. ஜவரய்யா சொன்னார், இரண்டே வாக்கியத்தில், கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கி. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"பூச்சி அறைக்கு ஜவரய்யா இனிமே போகக் கூடாது. தாயி, நீயும்தான். ஊசி அறைக்கு மாறிக்கங்க, அங்க மாவு கெடையாது. கெம்பம்மாவும் மத்தவங்களும் நல்ல முகமூடி இல்லாம உள்ள நுழையக் கூடாது. காத்தை வெளிய இழுக்கிற ஃபேன் ரெண்டு போடணும். அதுவரைக்கும் பூச்சி வேலை பாதி நேரம்தான். திங்கக்கெழம குழு போனதும் எல்லாரையும் நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அந்தம்மா வீடு எங்கன்னு தெரியுமா?"

"டி. நரசிபுரா பக்கம்," என்றேன்.

"தேடிப் பிடிங்க."

"சார், இவங்களை அனுப்பறதா இருந்தா நான் விட மாட்டேன்," என்று மேடம் குறுக்கே வந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். "பொடில பூச்சி வாடை மிச்சம் இருக்கான்னு என் மெஷின் எதுவும் காட்டலை. ஜவரண்ணன் ரத்தம் காட்டுச்சு. ஒவ்வொரு தடவை கழுவுனப்புறமும் இவங்க ரத்தத்துலதான் பாக்கணும். இவங்க சம்மதிச்சா."

ஜவரய்யா நிமிர்ந்தார். மூன்று நாளாகத் தொங்கிக்கிடந்த முகம் ஏறியது.

"அதாவது, என் ரத்தத்துக்குத் தெரிஞ்சது உங்க வெளிநாட்டு மெஷினுக்குத் தெரியல."

"தெரியல."

"இதை ஒரு தாள்ல எழுதி முத்திரை குத்திக் குடுங்க மேடம். என் மாமனார் வீட்டுச் சுவத்துல மாட்டணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ வாயை மூடியிருக்கலாம்."

"நீங்களும்தான்," என்றேன்.

திங்கட்கிழமை குழுவில் நான்கு பேர் வந்தார்கள். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். நாங்கள் ஊசி அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு வயதான அம்மா எழுந்து மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேடம் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். மூன்று வருடம். கெம்பம்மா அங்கேயே உட்கார்ந்து சத்தமாக அழுதாள், இந்தத் தடவை முன்பணமாக இல்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலு ராத்திரியாகச் சரியான தூக்கமில்லை, உட்கார்ந்ததுதான் தெரியும். கண்டக்டர் தோளைத் தட்டியபோது என் நிறுத்தம் தாண்டி இரண்டு ஊர் போயிருந்தது. திட்டினான், இறங்கிக்கொண்டேன். திரும்பி வர பஸ் இல்லை. கரும்புத் தோட்டத்து ஓரமாக மூன்று மைல் நடந்து வீட்டுக்கு வந்தேன். கால் வலித்தது. மகள் கதவைத் திறந்து, "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றாள்.

"தூங்கிட்டேன்," என்றேன்.